கிளாம்பு கடித்த தடம்

கைப்பேசியில் அருள்பாண்டியின் எண்ணை அசாருதீன் ஒரு பட்டப்பெயர் போட்டுச் சேமித்து வைத்திருந்தான். அதை இங்கே எழுத முடியாது. வீட்டில் பிள்ளைகள் படிப்பார்கள். மூன்று வருடமாக வாயே திறக்காத அந்தப் பெயர் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திரையில் வந்து நின்றபோது, அசாருதீன் செல்லூர் பட்டறையில் ஒரு தறிக்காரரின் நூல் தராசைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். நாலு தடவை அடிக்கவிட்டு ஐந்தாவதில் எடுத்தான்.

"பாய், நல்லாருக்கீங்களா. பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிறாதீங்க. எடைமேடை மக்கர் பண்ணுது. கோயமுத்தூர்க் கம்பெனி ஆளு புதன்கிழமைதான் வருவானாம். நெல்லு வண்டி பூராம் வாசல்ல நிக்குது. மழை வேற கட்டிக்கிட்டு வருது."

"எம்புட்டுக் கம்மியாக் காட்டுது?"

எதிர்முனை கொஞ்சம் தயங்கியது. கம்மியாகக் காட்டுகிறது என்று அருள்பாண்டி இன்னும் சொல்லவே இல்லை. "டன்னுக்கு நாப்பது அம்பது கிலோ" என்றான் கடைசியில்.

மூன்று வருடத்துக்கு முன்னாலும் இதே நாற்பது ஐம்பதுதான். அசாருதீனுக்குக் காது மடல் சூடானது.

"வாரேன். ஆனா அன்னைக்கு இருந்த ஆளுக அங்க இருக்கணும். அன்னைக்கு நடந்ததுக்கு நான் காரணம் இல்லன்னு அவங்க முன்னாடி நீங்க வாயைத் தொறந்து சொல்லணும். சொன்னாத்தான் ஸ்பேனரை எடுப்பேன்."

"இம்புட்டுத்தானா பாய், சொல்லிட்டாப் போச்சு. பேயாண்டி அண்ணே டிராக்டர்தான் முத ஆளா நிக்குது. வாங்க."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அசாருதீனுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் முறுக்கிக்கொள்வான், நாலு தடவை கெஞ்ச வைக்கலாம் என்றுதான் இருந்தான். எடைமேடைக்கு வேண்டிய இரண்டு புது லோடு செல்களைப் பைக்கின் பின்னால் கட்டியபோது அம்மா அஜ்மல் பீவி வாசலுக்கு வந்தாள். யார் கூப்பிட்டது என்று சொன்னான். போகாதே என்பாள் என்று எதிர்பார்த்தான்.

"போத்தா" என்றாள். "போயி அவனை அழ வச்சுட்டு வா. நான் சோறு வடிச்சு வைக்கிறேன்."

மூன்று வருடமாக அவள் ஒரு நிக்காஹ் வீட்டுக்கும் போனதில்லை. போனால் பந்தியில் யாராவது ஒருத்தி, "உங்க மகன்தானே அந்த எடைமேடையில…" என்று ஆரம்பித்துவிடுவாள்.

நடந்தது இதுதான். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே போகிற சாலையில் அருள்பாண்டிக்கு ஒரு நெல் மண்டி, மண்டி வாசலில் சொந்த எடைமேடை. அவனை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் இந்தக் கதையை அசாருதீன் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறவனுக்கு அந்த மரியாதை நாக்கில் வரவில்லை. லாரி ஏறி நிற்கிற பெரிய இரும்பு மேடைக்கு அடியில் குழிக்குள் ஆறு லோடு செல்கள் இருக்கும். முழங்கை நீள எஃகுக் கட்டைகள். மேடையின் பாரம் முழுக்க அவற்றின் தலையில்தான். பாரம் ஏற ஏற எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். எவ்வளவு வளைந்தது என்று உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பி, வயர் வழியாக அறைக்குள் இருக்கும் டிஸ்ப்ளேவுக்குச் சொல்லும். அந்த ஆறில் ஒன்று பொய் சொன்னாலும் எடை பொய்யாகிவிடும்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு முந்தின வாரம்தான் அசாருதீன் குழிக்குள் இறங்கிச் சேற்றை அள்ளிச் சுத்தம் பண்ணிவிட்டு வந்திருந்தான். பூசை முடிந்து சில நாளில் விவசாயிகள் எடை குறைவதைக் கண்டுபிடித்து மண்டியை மறித்தார்கள். மண்டிக்காரனின் மேடையில் நெல் குறைந்தால் யாருக்கு லாபம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடி தன்மேல் விழப் போகிறது என்று அருள்பாண்டிக்கும் தெரிந்தது. அசாருதீனைப் பார்க்கக் கூப்பிட்டுவிட்டு, அவன் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள், "அடிக்கடி வேலை வரணும்னு இந்த பாய்தான் உள்ள எதையோ கெடுத்து வச்சுட்டுப் போயிட்டாரு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

விவசாயிகளில் பேயாண்டி என்கிற பெரிய சம்சாரி அங்கேயே அசாருதீனை அறைந்தார். யாரோ அவன் பையைப் பிடுங்கி ஸ்பேனர்களை நடுரோட்டில் கொட்டினார்கள். குழி மூடியைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்று அவன் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. எடை போடுகிற பெண் முனீஸ்வரி மட்டும் அறை ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஏதோ தெரியும் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு மேற்கே ஒரு எடைமேடைக்காரனும் அசாருதீனைக் கூப்பிடவில்லை. டன் கணக்கில் எடையைச் சரிபார்த்த கை, நூல் கண்டுக்கும் காய்கறிக்கும் தராசு பார்க்க வந்துவிட்டது.

வாங்கிய அறையைவிட அவனை அரித்த விஷயம் ஒன்று உண்டு. கோயமுத்தூர்க் கம்பெனி ஆள் வந்து இரண்டு லோடு செல்களை மாற்றிவிட்டுப் போனான் என்று பிறகு காதில் விழுந்தது. அந்த லோடு செல்கள் எதனால் கெட்டன என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. தண்ணீர் இறங்கியதா, எலி வயரைக் கடித்ததா, இடி விழுந்ததா, அளவுக்கு மீறி ஏற்றினார்களா, டிரைவர் எவனாவது மேடைமேல் சடாரென்று பிரேக் அடித்தானா. ஒவ்வொன்றாக நினைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். பெண்டாட்டி சனோபர், "இன்னும் அந்தக் குழிக்குள்ளயேதான் இருக்கீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பதினோரு வண்டிகள் நின்றன. பேயாண்டியின் டிராக்டர் மேடைக்கு நேர் முன்னால். அவர் அவனைப் பார்த்துவிட்டு, துண்டை உதறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருள்பாண்டி கையில் பால்பன்னுடனும் டீயுடனும் ஓடி வந்தான். அசாருதீன் வாங்கவில்லை.

"மொதல்ல சொல்லுங்க."

அருள்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. மூணு வருசத்துக்கு முந்தி நம்ம பாயை நாம தப்பா நெனச்சுட்டோம். அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்கே பெறகுதான் தெரிஞ்சுச்சு. இந்தா நிக்குதே முனீஸ்வரி, இதுதான் ஆயுத பூசை அன்னைக்கு, ஆறு செல்லு வயரும் வந்து சேருற ஜங்ஷன் பாக்சைத் தொறந்து உள்ள சந்தனத்தைப் பூசிப் பொட்டு வச்சிருக்கு. வயருக்குள்ள ஈரம் எறங்கிருச்சு. பொம்பளப்பிள்ள, வெளிய சொன்னா அசிங்கமாப் போயிரும்னு நான்தான் மறைச்சு வச்சேன்."

எத்தனை லாவகம் பாருங்கள். தப்பும் இவனுடையதில்லை, மறைத்ததுகூட இரக்கத்தில்தான். பதினோரு வண்டிக்காரர்களும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

"ஏ முனீஸ்வரி, நெசமா?" என்றார் பேயாண்டி.

அவள் வெளியே வந்தாள். "நெசந்தான். எல்லாத்துக்கும் பொட்டு வைக்கச் சொன்னாங்க. உள்ளயும் வைக்கணுமாக்கும்னு தொறந்து வச்சேன். நான்தான் கெடுத்தேன்."

"ஒன் ஒரு விரலால எங்க நெல்லு எம்புட்டுப் போச்சு தெரியுமா?" என்று யாரோ கத்தினார்கள். இன்னொருத்தர் அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அசாருதீனுக்கு இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நன்றாகவே இனித்தது. அன்று ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தவள்தானே. அவளும் கொஞ்சம் நிற்கட்டும், நாலு வசவு வாங்கட்டும். தன் பெயர் சுத்தமாகிவிட்டது. இப்படியே வண்டியைக் கிளப்பினால் மதியச் சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம். அம்மா இனி எந்தப் பந்தியிலும் நிமிர்ந்து உட்காரலாம்.

ஆனால் மெக்கானிக் மூளை சும்மா இருக்காது. வயருக்குள் சந்தன ஈரம் இறங்கினால் எண் ஒரு இடத்தில் நிற்காதே. ஏறும், இறங்கும், காலையில் ஒன்று காட்டும், வெயில் ஏறினால் வேறொன்று காட்டும். அன்று எடை குறைந்தது ஆடாமல் அசையாமல், எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கில். இன்றும் அப்படியேதான்.

அவனுக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. மூன்று வருடம் கட்டிக் காத்த பழி, போக வேண்டிய ஆளை விட்டுவிட்டு இன்னொருத்தி தலையில் இறங்குவதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

"சந்தனம் இல்ல" என்றான்.

"அதான் அதுவே ஒத்துக்கிருச்சுல்ல பாய்" என்று அருள்பாண்டி அவசரமாகக் குறுக்கே வந்தான். "விடுங்க. வேலையைப் பாருங்க."

"வேலையைத்தான் பாக்கப் போறேன். பேயாண்டி அண்ணே, நீங்களும் உள்ள வாங்க. கை வச்ச ஆளு நீங்கதான். நீங்க பாத்தாப் போதும்."

பேயாண்டிக்கு முகம் கறுத்தது. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் பின்னால் குழிக்குள் இறங்கினார்.

உள்ளே காய்ந்து கிடந்தது. ஈரம் இல்லை, எலிப் புழுக்கை இல்லை, வயரெல்லாம் முழுசாக இருந்தன. அசாருதீன் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து ஆறு லோடு செல்களின் வயர்களையும் கழற்றினான். மின்தடை அளக்கும் மீட்டரைப் பேயாண்டியின் கையில் கொடுத்து, தான் ஒவ்வொன்றாக முனையைத் தொட்டான்.

"வாசிங்கண்ணே."

"முன்னூத்தி அம்பது. இதுவும் முன்னூத்தி அம்பது. முன்னூத்தி அம்பத்தொண்ணு." பேயாண்டி ஆறாவது வகுப்புப் பையன் மாதிரி சத்தமாக வாசித்தார். "இதுவும் அதேதான். இது நானூத்திப் பத்து. இது நானூத்தி முப்பது."

"முன்னூத்தி அம்பது காட்டுறது பூராம் உயிரோட இருக்கு. கடைசி ரெண்டும் உசுரு ஊசலாடுது. வடக்கு மூலையில உக்காந்திருக்க ரெண்டும். ஒரே நாள்ல, ஒரே மூலையில, ஈரமே இல்லாம."

வடக்கு மூலையில் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க அவன் குழியைவிட்டு ஏறினான். மேடையின் இரும்பு விளிம்பில் ஒரு குழாயை ஒட்டவைத்து, பிறகு அறுத்தெடுத்த தழும்பு பளபளப்பாகத் தெரிந்தது.

"இங்க எதை வெல்டிங் பண்ணுனீங்க?"

அருள்பாண்டி வாயைத் திறப்பதற்குள் முனீஸ்வரியே சொன்னாள். "வாழைமரம் கட்டக் குழாய்ண்ணே. ஓனர் புது வண்டி எடுக்குற வருசம் பூசை பெருசா நடக்கும். தரையில மரம் நட்டா மேடைக்கு மரியாதை இல்லைம்பாரு. மேடையிலயே குழாய வெல்டு வச்சுக் கட்டிட்டு, பூசை முடிஞ்ச மக்காநாளு லாரி இடிக்கும்னு அறுத்துருவாங்க."

"மூணு வருசத்துக்கு முந்தியும் புது வண்டி எடுத்தாரா?"

"எடுத்தாருண்ணே. இந்த வருசமும் எடுத்தாரு. போன வாரந்தான் பூசை முடிஞ்சுச்சு."

மூன்று வருடம் வரிசைபோட்டு நினைத்தவன், வாழைமரத்தை மட்டும் நினைக்கவில்லை. எப்படி நினைப்பான்? எந்த மடையன் எடைமேடைக்கு வாழைமரம் கட்ட வெல்டிங் வைப்பான்? அசாருதீன் குழியின் ஓரத்தில் கான்கிரீட்டில் பதித்திருந்த ஆங்கிள் இரும்பைக் கையால் தடவிக்கொண்டே நடந்தான். தழும்புக்கு நேர் எதிரே விரல் நின்றது. பெயிண்ட் கருகி, வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பு என்கிற இடுக்கி கடித்த இடம். அதற்கு ஒரு சாண் தள்ளி பெயிண்ட் மட்டும் கொஞ்சம் மேடாக இருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினான். பச்சை போய்ச் சிவப்பு வந்தது, சிவப்பு போனதும் இன்னொரு கருகல், பொடிப்பொடியாகக் குழி விழுந்து துருப்பிடித்தது. அது புதிதில்லை.

அவன் எழுந்து நின்றான். குரல் தன்னையறியாமல் உயர்ந்தது.

"எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. வெல்டிங் வைக்கிறப்ப கரண்டு போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி வேணும். அந்த எர்த் கிளாம்பை வெல்டு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே, மேடை மேலயே மாட்டணும். மாட்டுனா ஒண்ணும் ஆகாது. இவங்க அதைத் தரைப் பக்கம் இந்த இரும்புல மாட்டியிருக்காங்க. அப்ப கரண்டு மேடையில இருந்து கீழ எறங்கித்தான் இங்க வரணும். மேடைக்கும் தரைக்கும் நடுவுல என்ன இருக்கு? லோடு செல்லுதான் இருக்கு. அது வழியாத்தான் போயிருக்கு. இது இந்த வருசத்துக் கடி. இது அந்த வருசத்துக் கடி. மேல பெயிண்ட் அடிச்சு மூடியிருக்கு."

பேயாண்டி குனிந்து இரண்டு கருகலையும் விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது முனீஸ்வரியைத்தான் பார்த்தார்.

"கிளாம்பை இங்க மாட்டுனது யாரு?"

அருள்பாண்டி அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். மூன்று வருடமாக அந்த ஒரு அசைவு போதும், அவள் அடங்கிவிடுவாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. அந்தத் துருப்பிடித்த கருகலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் வச்ச சந்தனத்தால இல்லையாண்ணே?" என்று அசாருதீனிடம் கேட்டாள்.

"விரல்ல தொட்டு வச்ச சந்தனம் அன்னைக்குச் சாயந்தரமே காஞ்சிருக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் முகத்தில் ஏதோ ஏறியது. அது அழுகையாக இல்லை. "ஓனர்தான் மாட்டுனாரு" என்றாள். "ரெண்டு தடவையும். வெல்டர், மேடையில மாட்டணும்ணேன்னு சொன்னாரு. வயர் எட்டல. மெஷினைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கணும்னா நேரமாகும், நல்ல நேரம் முடியப்போகுதுன்னு ஓனரே பிடுங்கி இந்த இரும்புல கடிக்க விட்டாரு. நான் தேங்காத் தட்டை வச்சுக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னேன்."

யாரும் கத்தவில்லை. பேயாண்டி தன் டிராக்டரில் ஏறி ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் நின்ற வண்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு எடைமேடை இருக்கிறது, அங்கே இன்னொரு மண்டியும் இருக்கிறது. வானம் கறுத்து நின்றும் ஒருத்தரும் இங்கே நெல்லை இறக்க நினைக்கவில்லை.

அருள்பாண்டி வண்டி வண்டியாக ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். சட்டை நனைந்திருந்தது. "பாய், ரெண்டு செல்லுதான போயிருக்கு. கையோட கொண்டாந்திருக்கீங்களே. போட்டுக் குடுத்துட்டுப் போங்க. ஒங்க காலுல வேணாலும் விழுறேன்."

"ரெண்டு மணி நேர வேலை" என்றான் அசாருதீன், ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்துப் பையில் வைத்தபடி. "இன்னைக்குள்ள முடிச்சுரலாம். செய்ய மாட்டேன்."

"நான் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. அதையும் பொய்யாச் சொன்னீங்க."

அருள்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அசாருதீன் அதை நின்று, நிதானமாக, வயிறு நிறையப் பார்த்தான். அவசரப்படவே இல்லை. பிறகு எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொன்னான். அந்த டீக்கு மூன்று வருட ருசி இருந்தது.

முனீஸ்வரி டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வேலை போய்விட்டது என்று யாரும் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவள்போலத் தள்ளி நின்றவள், மெதுவாகக் கடைப் பக்கம் வந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் வாயைத் தொறந்திருந்தா ஒங்களுக்கு அடி விழுந்திருக்காது."

இதற்குச் சொல்லவென்று மூன்று வருடமாக அவன் சேர்த்து வைத்த வசவு நிறைய. இப்போது தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. "தொறந்திருந்தா சந்தனம்னு சொல்லியிருப்ப. அடி ஒனக்கு விழுந்திருக்கும். அவன் அப்பவும் தப்பிச்சிருப்பான்."

"விழுந்திருந்தாத் தேவலண்ணே. நான்தான் ஊரு நெல்லையெல்லாம் கெடுத்தேன்னு இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். சம்பளம் கூடக் கேட்டா, சந்தனத்தை மறந்துட்டியாம்பாரு. பேயாண்டி அண்ணே எடை போட வந்தா அவரு மூஞ்சியப் பாக்க மாட்டேன்."

அசாருதீன் டம்ளரைக் கீழே வைத்தான். இந்த மூன்று வருடமும் தனக்கு மட்டும்தான் என்று அவன் நினைத்திருந்தான். சாலைக்கு அந்தப் பக்கம் காலி மேடையின் ஓரத்தில் அருள்பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சற்றுமுன் வயிறு நிறைந்த அதே காட்சிதான். இப்போது பார்த்தால் பத்தவில்லை.

"அவனுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டான். "அந்த வருசம், எடை கம்மியாக் காட்டுதுன்னு?"

அவள் மண்டிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "பூசைக்கு மக்காநாளே தெரியும். நான்தான் போயிச் சொன்னேன். சம்சாரிக கண்டுபிடிக்கிற வரைக்கும் போடுன்னாரு. நாலு நாளு போட்டேன். அறுபது, எழுபது வண்டி இருக்கும்."

மழையின் முதல் தூறல் டீக்கடைத் தகரத்தில் விழுந்தது. கடைக்குச் சற்றுத் தள்ளிச் சாலையோரத்தில் பேயாண்டி டிராக்டரை நிறுத்தி, மூட்டைகள்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இதை அவருகிட்டச் சொல்லுவியா?"

"சொல்றேன்" என்றாள் முனீஸ்வரி.

அசாருதீன் எழுந்து சாலையோரம் போய் நின்று கையைத் தூக்கினான். "பேயாண்டி அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க. இந்தப் பிள்ளை இன்னும் ஒண்ணு சொல்லணுமாம்."

பேயாண்டி தார்ப்பாய்க் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு, மழையில் நனைந்தபடி கடையை நோக்கி நடந்து வந்தார்.